கேட்காமல் கூட்டியவர்

அவருக்கு யாரிடமும் எதையும் கேட்கப் பிடிக்காது. உதவி கேட்கக் கூச்சப்படுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு ரகம். இவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக்கூட உங்களிடம் கேட்கமாட்டார். முகத்தைப் பார்ப்பார், போவார், செய்து முடித்துவிட்டு வந்து ஒன்றும் நடக்காதது மாதிரி தன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டீ வந்தபோது எனக்கு மட்டும் நுரை இல்லாமல் வந்தது. எனக்கு நுரை பிடிக்காது என்பது என் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்த கடைக்காரரிடம் விசாரித்தால் அவர் தாடையால் மூலையைக் காட்டினார். மூலையில் ஒல்லியாக, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்டர்வியூவுக்கு வந்திருந்த அன்று நான் கிளாஸ் ஓரத்தில் நுரையை விரலால் ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

நான் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாவட்டம், ஒவ்வொரு வட்டார வழக்கு. எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளாமல் அங்கே பிழைக்க முடியாது. அப்படி வளர்ந்த எனக்கு இவர் ஓர் அதிசயம். இவர் பக்கத்திலேயே இருக்கும் வடக்குத்து என்ற ஊர்க்காரர். இவருடைய அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். ஆனால் நிலம், முந்திரி, பலா எல்லாம் ஊரிலேயே இருந்தன. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தும் பேச்சில் ஊர் போகவில்லை.

எங்கள் தொழில் மண் கணக்கு. மண் அள்ளும் கான்ட்ராக்டர்கள் எவ்வளவு வெட்டினார்கள், எவ்வளவு கொட்டினார்கள், கொட்டுகிற இடம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் மென்பொருள். சர்வேயர்கள் தங்கள் சூத்திரங்களைத் தாங்களே எழுதிக்கொள்வதற்காக அதற்குள் ஒரு சின்ன நிரல்மொழி இருந்தது. எங்கள் முதலாளி வெளிநாட்டில் வேலை பார்த்தபோது மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஃபங்ஷனல் வகை மொழி. அதில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு யாரும் கைவைக்க முடியாது. ஒவ்வொரு எண்ணும் தான் என்ன வகை என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வகை பொருந்தாவிட்டால் கணக்கே ஓடாது. கண்டிப்பான மாமியார் மாதிரி ஒரு மொழி.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. குழி தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோண்டிய மண் திரும்ப அதே குழிக்குள் அடங்காது. தரையில் இறுகிக் கிடக்கும்போது அதற்கு ஓர் அளவு. வெட்டி உதிர்த்துவிட்டால் அதைவிட அதிகம். முதலாவதை நிலை மண் என்போம், இரண்டாவதை உதிரி மண் என்போம். வெட்டப்போகும் குழியை அளந்தால் வருவது நிலை மண். டிப்பர் லாரியில் ஏறிப் போவது உதிரி மண். இரண்டையும் அப்படியே கூட்டினால் விடை தப்பாகிவிடும். அதனால் முதலாளி நிலை மண்ணைக் கூட்ட ஒரு கூட்டல் குறி, உதிரி மண்ணைக் கூட்ட இன்னொரு கூட்டல் குறி, வெறும் எண்களுக்கு வேறொன்று என்று தனித்தனியாக வைத்திருந்தார். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மொழி முரண்டு பிடிக்கும்.

சர்வேயர்களுக்கு இது தலைவேதனை. வெயிலில் ஜீப் பானெட் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டலுக்கு எந்தக் குறி என்று தேடுவார்கள். அவர்களில் ஞானப்பிரகாசம் என்று ஒருவர். ரோடு வேலை எடுத்திருந்த ஒரு தனியார் கான்ட்ராக்டரிடம் சர்வேயராக இருந்தார். ஒருநாள் மாடியேறி வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"இன்னா சார் உங்க மெஷினு? வக்கீலாட்டம் கேள்வி மேல கேள்வி கேட்டுகினே இருக்குது. நான் கூட்டல்தான் போட்டேன். கூட்டலுக்கு ஒரு குறிதான் இருக்குதுன்னு ஒண்ணாங் கிளாஸ்ல டீச்சர் சொன்னாங்க. அந்தம்மா பொய்யா சொன்னாங்க?"

எல்லோரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. ஞானப்பிரகாசத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வேர்வை உப்பாகப் படிந்திருந்தது. இவர் எழுந்து போய் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. முதலாளிக்கே தெரியாது.

அவர் செய்ததற்கு எங்கள் தொழிலில் ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்று பெயர். ஒரே கூட்டல் குறி, பல வேலை. குறியின் இரண்டு பக்கமும் என்ன நிற்கிறது என்று மொழியே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் நிலை மண் என்றால் நிலை மண்ணாகக் கூட்டும். ஒரு பக்கம் உதிரி, ஒரு பக்கம் நிலை என்றால், மண் எவ்வளவு பெருகும் என்பதைக் கணக்கில் எடுத்து ஒன்றை மற்றதாக மாற்றிவிட்டுக் கூட்டும். சொல்ல எளிது. அதைச் செய்ய மொழியின் இலக்கணத்தையே பிரித்துப் போட வேண்டும். எழுதியதைப் படிக்கிற பகுதி, வகையைக் கண்டுபிடிக்கிற பகுதி, விடையைச் சொல்கிற பகுதி எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். ஓர் இடத்தில் தளர்த்தினால் நாலு இடத்தில் அவிழும். மழைக்காலம் தொடங்கி பலாப்பழ சீசன் வரைக்கும் அதிலேயே கிடந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட மறந்த நாட்கள் உண்டு.

முடித்ததும் ஞானப்பிரகாசத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சும்மா கூட்டல் போடுங்க. உங்க டீச்சர் சொன்ன அதே கூட்டல்" என்றார். ஞானப்பிரகாசம் போட்டார். விடை வந்தது. அவர் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிறிஸ்தவர் ஒருவர் அப்படிச் செய்ததை வைத்து அந்த வாரம் முழுக்க நாங்கள் கேலி செய்தோம். பேச்சு பரவி, மண் கான்ட்ராக்டர்கள் வரிசையாக எங்கள் மாடிப்படி ஏறினார்கள். முதலாளிக்கு நடை மாறிவிட்டது.

அந்த நாட்களில்தான் என் விஷயம் நடந்தது. ஒருநாள் காலையில் ஆபீஸ் வந்தால் என் மேசை இடம் மாறியிருந்தது. ஜன்னலை ஒட்டி இருந்த மேசையை உள்ளே தள்ளிப் போட்டிருந்தார். டிராயரைத் திறந்தால் நாலு எலுமிச்சம்பழம். கீழே பஞ்சர் கடையில் ரப்பர் சுடும் வாடை ஜன்னல் வழியாக வரும்போதெல்லாம் நான் முந்தானையால் மூக்கைப் பொத்துவதை அவர் பார்த்திருக்கிறார். நான் கர்ப்பமாக இருந்தேன். என் கணவருக்கே இன்னும் சொல்லவில்லை. முந்தைய தடவை தங்காமல் போனதால் கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேசை நகர்ந்ததைப் பார்த்ததும் ஆபீஸே புரிந்துகொண்டது. மத்தியானத்துக்குள் நாலு பேர் கைகொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேராகப் போய், "யாருண்ணா உங்களைக் கேட்டது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். தப்பு செய்துவிட்டோம் என்ற திகைப்பு இல்லை அது. உண்மையாகவே புரியாத திகைப்பு.

"கேட்டா வேணாம்னுதாம்மா சொல்லுவீங்க" என்றார். "யாரைக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதான் கேக்கல."

அவர் சொன்னது உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், ஜன்னலோரம் உட்கார்ந்து குமட்டிக்கொண்டே இருந்திருப்பேன். எலுமிச்சம்பழங்களைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது என் வயிற்றில் வளர்ந்தவள்தான் என் மகள். அந்தக் கடனை நான் மறக்கவில்லை.

அவருடைய அப்பா ரிட்டயர் ஆனபோது குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டிவந்தது. டவுன்ஷிப்பில் இதை எல்லா வீடும் ஒருநாள் சந்திக்கும். மரம் நட்டு, பூச்செடி வைத்து, கதவில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வாழ்ந்த வீட்டைச் சாவியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். எங்கே போவது என்பதைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் வருஷக்கணக்கில் சண்டை நடக்கும். இவர் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. வடக்குத்து நிலத்தில் இவர் ஏற்கெனவே வீடு கட்டி முடித்திருந்தார். அவருடைய மனைவி, டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, கிரகப்பிரவேசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அந்த வீட்டை முதல் முதலாகப் பார்த்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வீடு அவ்வளவு பாந்தம். சமையல் மேடை அந்த அம்மாவின் உயரத்துக்குச் சரியாக. ஜன்னல் காலை வெளிச்சம் விழும் பக்கம். பின்னால் துணி காயப்போடும் இடம், கரித்தூள் பறந்து வராத திசையில். அந்த அம்மா அடுப்பங்கரையில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

"ஆமா. ஒரு குறை சொல்ல முடியல" என்றார். பால் பொங்க இன்னும் நேரம் இருந்தது. "எல்லாம் எனக்குப் புடிச்ச மாதிரிதான் இருக்குது. ஆனா எனக்கு எது புடிக்கும்னு என் வாயால நான் சொன்னதே இல்ல, கல்யாணம் ஆனதுலேர்ந்து. மந்தாரக்குப்பத்துலயே ஒரு சின்ன வூடா பாக்கலாம், ஸ்கூலுக்கு நடந்து போவலாம்னு நெனச்சுகினு இருந்தேன். சொல்றதுக்கு எடமே இல்லாம போச்சு."

சொல்லிவிட்டுப் பொங்கி வந்த பாலைப் பார்த்துச் சிரித்தார், எல்லோரும் பார்ப்பதற்காக. இவர் வாசலில் நின்று, யாருக்கு எந்த இடத்தில் இலை போட்டால் வசதியாக இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டிருந்தார்.

கூட்டல் குறிக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு மூலை பாக்கியிருந்தது. ஒரு பக்கம் உதிரி மண் என்று வகை தெரிந்த எண் நிற்கிறது. மறுபக்கம் சர்வேயர் அவசரத்தில் வகை போடாமல் வெறும் எண்ணைத் தட்டிவிட்டார். அப்போது என்ன செய்வது? முதலில் எழுதியபோது அந்த இடத்தில் மட்டும் மொழி நின்று கேட்டது: இது எந்த மண்? ஞானப்பிரகாசம் மறுபடி ஒருநாள் சலித்துக்கொண்டார். "எல்லாத்தையும் நிறுத்திட்டீங்க, இந்த ஒரு கேள்வியை மட்டும் ஏன் சார் வெச்சுகினு இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை சொன்னார். இவருக்கு அது பொறுக்கவில்லை. பழைய கணக்குகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். வெறும் எண் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த எண்ணின் வகையாகவே இருந்தது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். பக்கத்தில் என்ன நிற்கிறதோ, வெறும் எண்ணும் அதுவே என்று வைத்துக்கொள்ளும்படி மொழிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"இதை மட்டும் கேட்டுடலாமேண்ணா" என்றேன்.

"கேட்டா எதையாவது சொல்லிட்டுப் போவாங்கம்மா. நாமளே பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த ஐப்பசியில் மழை வலுத்தது. வடக்குத்துக்கு அப்பால், அந்த ரோடு கான்ட்ராக்டர் மண் கொட்டிவைக்க ஒரு இடம் எடுத்திருந்தார். சுரங்கத்து மேடு இல்லை, தனியார் மேடு. அது இன்னும் எவ்வளவு மண் தாங்கும் என்று கணக்குப் போட்டது ஞானப்பிரகாசம்தான். ஏற்கெனவே கொட்டிய உதிரி மண்ணோடு, இனி வெட்டப்போகும் குழியின் அளவைக் கூட்டினார். கொட்டிய மண்ணுக்கு வகை போட்டிருந்தார். குழிக்குப் போடவில்லை. குழி என்பது நிலை மண். வெட்டி வந்தால் பெருகும். ஆனால் பக்கத்தில் நின்றது உதிரி மண் என்பதால் எங்கள் கூட்டல் அதையும் உதிரி என்றே எடுத்துக்கொண்டது. பெருகப்போகிற மண்ணைப் பெருகாது என்று வைத்துக் கூட்டிவிட்டது. இடம் தாராளமாகப் போதும் என்று விடை வந்தது.

மண் வந்துகொண்டே இருந்தது. மேடு கணக்கில் சொன்ன உயரத்தைத் தாண்டியது. கணக்கில் இடம் இருக்கிறது என்பதால் யாரும் நிறுத்தவில்லை. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஏழுமலை என்கிற டிரைவர் டிப்பரைப் பின்னால் எடுத்து விளிம்புக்குக் கொண்டுபோனார். விளிம்பு அப்படியே உட்கார்ந்து சரிந்தது. வண்டி புரண்டது. ஏழுமலையை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

மழை என்று சொன்னார்கள். டிரைவர் ஓரத்துக்கு ரொம்பப் போய்விட்டான் என்று அதைவிட அதிகமாகச் சொன்னார்கள். செத்தவன் மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் சுலபம். எங்கள் ஆபீஸில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. மண்மேடு சரிந்ததற்கும் மாடியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இவர் ஒருவர்தான் யாரும் சொல்லாமலே அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தார். நான் டீயோடு போனபோது மானிட்டரில் ஒரே ஒரு வரி இருந்தது. நடுவில் ஒரு கூட்டல் குறி. அவர் விரலை அதன்மேல் வைத்திருந்தார்.

"நான் எடுத்துட்ட கேள்விம்மா இது" என்றார்.

முதலாளியிடம் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "மழைன்னு முடிஞ்சுபோச்சுப்பா. வகை போடாதது சர்வேயர் தப்பு. உயரத்தைப் பார்க்காதது சைட் சூப்பர்வைசர் தப்பு. நீ எதுக்கு இதைத் தலையில தூக்கி வெச்சுக்கற?" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் நியாயம்கூட இருந்திருக்கலாம். ஆனால் இவர் கேட்டது சட்டம் இல்லை. "டிரைவர் தப்புன்னு சொல்றாங்க சார். அந்த ஆளு தப்பு இல்லன்னு யாராவது சொல்லணும்ல?" என்றார். முதலாளி பேப்பர்வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

ஏழுமலையின் வீடு மந்தாரக்குப்பத்திலேயே, வாடகைக்குக் குடியிருப்போர் வரிசையில். அங்கே போக என்னையும் துணைக்கு அழைத்தார். அழைத்தார் என்று எழுதும்போதே கை நிற்கிறது. "நீங்க வர்றீங்களாம்மா? வர முடியுமா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து என்னிடம் வந்த முதல் கேள்வி அதுதான்.

ஏழுமலையின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவர் கீழே உட்கார்ந்து, இரண்டு மண்ணையும், கூட்டலையும், எடுத்துவிட்ட கேள்வியையும் பற்றிச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, எதையும் மறைக்காமல் சொன்னார். "அவரு ஓரத்துக்குப் போனது தப்பு இல்லைங்க. மேடு அங்க அவ்வளவு ஒசரமா இருந்திருக்கவே கூடாது. தப்பு என்னுதுங்க" என்றார்.

அந்தப் பெண் கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட நான் நினைத்தேன்.

"நீங்க சொல்ற கணக்கு எனக்கு வெளங்கல சார்" என்றார். "மேடு ஒசந்துகினே போவுது, வண்டியப் பின்னால எடுக்கவே பயமா இருக்குதுன்னு தெனமும் சோறு துன்னும்போது சொல்லிகினு இருந்தாரு. அங்க யார்கிட்டயாவது சொல்லேன்யான்னேன். நம்மள யாருடி கேக்கறாங்கன்னாரு."

இவர் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன, அவருடையவை இல்லை என்பதுபோல. எழுந்திருக்கும்போது, "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. நானா ஏதும் செய்யமாட்டேன். நீங்க சொல்லுங்க" என்றார். அந்தப் பெண், "அவரு மேல தப்பு இல்லன்னு அந்தக் கம்பெனியில சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னார். கான்ட்ராக்டரின் ஆபீஸுக்குத் தனியாகப் போய் எழுதியே கொடுத்தார். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டீக்கடைகளில் இன்றும் ஏழுமலை பேச்சு வந்தால் ஓரத்துக்குப் போனான் என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டொரு தடவை சண்டை போட்டிருக்கிறேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சிரிக்கிறார்கள்.

இவர் கூட்டலுக்குள் கேள்வியைத் திரும்ப வைத்தார். வெறும் எண் வந்தால் மொழி நிற்கும். முன்பு இருந்ததுபோல் வறட்டுப் பிழைச் செய்தி இல்லை; மரியாதையாக, அவர் பேசுகிற மாதிரியே ஒரு வரி வரும்: "இது நிலை மண்ணுங்களா, உதிரி மண்ணுங்களா? தயவுசெஞ்சு சொல்லிட்டுப் போங்க." முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்றார். நாள்கணக்கில் பேசினார்கள். கடைசியில், அந்த ஒரு வரி இருக்கட்டும், நான் போய்விடுகிறேன் என்று இவர் சொல்லிவிட்டு வேலையை விட்டார். முதலாளி அதற்கு ஒப்புக்கொண்டார். போகும் அன்று எங்கள் ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து, போயிட்டு வரட்டுங்களா என்று கேட்டார். யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு அவர் மனைவியைச் சந்தையில் ஒருமுறை பார்த்தேன். "இப்ப எல்லாத்தையும் கேக்கறாரு" என்றார். "ரசம் வெக்கட்டுமா, ஜன்னலைத் தொறக்கட்டுமா, தூங்கப் போவட்டுமா... ஒரு செருப்பு வாங்கணும்னாலும் என் மொகத்தப் பாத்துகினு நிக்கறாரு. கேக்கணும், கேக்கணும்னுதான இத்தினி வருசமா ஏங்கினேன்? இப்ப அவரு கேக்கறப்பல்லாம் எனக்கு அழுவ வருது. முன்ன இருந்தவரே தேவலாம்." பையில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது போன மழைக்காலத்தில், மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். முடி நரைத்திருந்தது. அதே முழுக்கைச் சட்டை. பண்ருட்டியில் ஒரு கடையில் பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"டீ சாப்பிடறீங்களாம்மா?" என்றார். நான் தலையாட்டினேன். "சர்க்கரை போடச் சொல்லட்டுமா? நுரை... நுரை வேணுங்களா, வேணாங்களா?" என்று கேட்டார்.

மறந்துவிட்டாரா, மறக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேண்டாம் என்றேன். டீ நுரை இல்லாமல் வந்தது.

மழை தூற ஆரம்பித்தது. கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துவிட்டார். இவர் சிறிது நேரம் என் மகளைப் பற்றி விசாரித்தார். பிறகு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்தக் கேள்வி இன்னும் இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குண்ணா. எடுக்க நான் விடல."

"பதில் சொல்றாங்களா?"

நான் தினமும் பார்க்கிறேன். சர்வேயர்கள் எண்ணைத் தட்டுகிறார்கள். கேள்வி வருகிறது. முதல் எழுத்தைக்கூடப் படிக்காமல், கீழே வருகிற இரண்டு பதில்களில் எது முதலில் இருக்கிறதோ அதன்மேல் விரலை வைத்துத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். ஞானப்பிரகாசமும்தான். ஏழுமலை சாவுக்கு மாலையோடு போன அதே ஞானப்பிரகாசம்.

"சொல்றாங்கண்ணா" என்றேன். "நின்னு, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றாங்க."

ஒருவர் முகத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்துவிடும் அவருக்கு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் காசு கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.